களிமண்ணும் கலாசாலையும்

சிருஷ்டி சக்தியைக் கலாசாலையில் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டால், எழுத்தாளர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முடியாது என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிரிப்பும் சிரிப்பார்கள். தங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது என்கிற கர்வம் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலை 1936-இல் கதை எழுதுவதற்கென்றே ஒரு பயிற்சிக்கூடம் ஆரம்பித்து இன்றுவரை நடத்தி வருகிறது. பிளானரி ஓ'கானர் போன்ற அசல் எழுத்தாளர்கள் அங்கே படித்தவர்கள்தாம். ஆகவே முடியாது என்று ஒரே வார்த்தையில் அடித்துப் பேசிவிடுவதற்கில்லை.

கதை இருக்கட்டும். சித்திரமும் சிற்பமும் கற்பிக்கும் நம்முடைய நுண்கலைக் கல்லூரிகளில் நடப்பதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன். சமகாலக் கலை என்ற பெயரில் மாணாக்கன் ஒரு பொருளைச் செய்து வைக்கிறான். அதன் பக்கத்தில் அது எதைச் சொல்ல வருகிறது என்று ஒரு குறிப்பும் எழுதி ஒட்டுகிறான். அநேகமாகக் குறிப்பு நன்றாக இருக்கிறது; பொருள் சுமாராக இருக்கிறது. பார்க்க வருகிறவர்களும் முதலில் குறிப்பைப் படித்துவிட்டு, அப்புறம்தான் பொருள் பக்கம் திரும்புகிறார்கள். குறிப்பு எழுதுகிற சாமர்த்தியத்தைச் சிருஷ்டி என்று நினைத்து மார்க் போடுகிற இடத்துக்கு நாம் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பையன்கள் மேல் தப்பில்லை. யோசி, புதிதாக யோசி என்று வகுப்பில் ஓயாமல் சொல்கிறார்கள். எதை வைத்துக்கொண்டு யோசிப்பது என்பதைச் சொல்வதில்லை.

எதை வைத்துக்கொண்டு என்கிற கேள்விக்குப் பதில் தேட நல்ல இடம் விருத்தாசலம்.

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் ரயில்வே ஜங்ஷனும் பலருக்கு நினைவு வரும். நம்மைப் போன்ற கதைப் பைத்தியங்களுக்குப் புதுமைப்பித்தனின் சொந்தப் பெயரும் நினைவு வரலாம். ஆனால் தமிழ்நாட்டில் பீங்கானுக்கென்று ஓர் ஊர் இருக்குமானால் அது விருத்தாசலம்தான். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி 1956-இல் ஏற்பட்டது. கரிக்கு மேலே கிடந்த மண்ணை வாரி எடுத்தபோது நல்ல வெண்களியும் சேர்ந்து கிடைத்தது. அந்தக் களியை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்தது. சின்னப் பட்டறைக்காரர்களும் பொதுச் சூளையில் சுட்டுக்கொள்ள ஏற்பாடு வந்தது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசாங்க டிப்ளமாப் படிப்பும் வந்தது. கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மை, மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டுகிற வெள்ளைப் பியூஸ் கட்டை எல்லாம் அங்கிருந்து லாரி லாரியாகப் போயிருக்கின்றன.

வேலை அச்சு வேலை. சக்கரத்தில் வனைவது குறைவு. களியைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் சோடியம் சிலிகேட் சேர்த்து, மோர் மாதிரி ஓடும்படி செய்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கிறது. அச்சின் ஓரத்தில் பாலேடு மாதிரி களி கட்டுகிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். உள்ளே வெறும் கூடாக ஒரு கிருஷ்ணனோ ஒரு பிள்ளையாரோ நிற்கிறார். அவரைக் காய வைத்துச் சுட வேண்டும். காயும்போதும் சுடும்போதுமாக, களிக்குத் தக்கபடி, நூற்றுக்குப் பத்து பன்னிரண்டு பங்கு சுருங்கிப் போவார். 573 டிகிரியில் களியிலுள்ள குவார்ட்ஸ் உருமாறிச் சட்டென்று பருக்கும். ஆறும்போது அதே டிகிரியில் சட்டென்று இளைக்கும். பொறுமையில்லாமல் சூளையைத் திறந்தவனுக்கு விரிசல்தான் மிச்சம். இந்தக் கணக்கெல்லாம் டிப்ளமாப் படிப்பில் ஒழுங்காக வருகிறது.

அங்கே ஒரு பட்டறையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த கிருஷ்ணன்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாக் கிருஷ்ணனுக்கும் புல்லாங்குழல் தோளோடு ஒட்டிக் கிடந்தது. அச்சு எடுக்கிற பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும்.

"குழல் ஏங்க ஐயா இப்படி உடம்போட ஒட்டிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டேன்.

"எடவெளி வுட்டா அச்சு மாட்டிக்கும் தம்பி. இது ரெண்டு துண்டு அச்சு. இப்படியும் அப்படியும் நேரா பிரிஞ்சு வரணும். கொழலத் தனியா ஊத்தி ஒட்டலாம். காயறப்ப பாதி வுட்டுப் போவும். மூணு துண்டா அச்சுப் போட்டா வேல ஏறும், வெல ஏறும். வாங்குறவங்க கொழலயா பாக்கறாங்க? கலரத்தான் பாக்கறாங்க" என்றார்.

இதைவிடக் கச்சிதமாக ஒரு சிற்ப விமரிசனத்தை நான் கேட்டதில்லை. அவர் சொன்னது தொழில் நுணுக்கம் மட்டும் இல்லை. உருவம் என்பது எங்கிருந்து வருகிறது என்கிற விஷயம். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு மண் அச்சை உடைத்து விடுகிறார்கள். ஓர் அச்சுக்கு ஒரு விக்கிரகம்தான். அச்சு முழுசாகத் திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லாததால்தான் நடராஜர் கையை வீசிக் காலைத் தூக்கி ஆட முடிகிறது. சடை இரண்டு பக்கமும் பறக்க முடிகிறது. விருத்தாசலத்து அச்சு நாளைக்கும் வேண்டும், நாளன்றைக்கும் வேண்டும். ஆகவே விருத்தாசலத்துக் கிருஷ்ணன் கையை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறார். வாராவாரம் பத்திரிகையில் தொடர்கதை எழுதியவர்களுக்கு இந்த ஒடுக்கம் நன்றாகவே புரியும்.

ஆனால் அந்தப் பெரியவர் இத்தனை தெரிந்தும் வேறு கிருஷ்ணன் செய்வதில்லை. மாதிரிப் பொம்மை எங்கிருந்தோ வருகிறது. அவர் அச்சு எடுக்கிறார். டிப்ளமாப் படிக்கிற பையனுக்கும் களியின் ரசாயனம் தெரிகிறது. தானாக ஒரு கோப்பையின் காதை வளைத்துப் பார் என்று யாரும் அவனிடம் சொல்வதாகத் தெரியவில்லை. பட்டணத்து நுண்கலை மாணாக்கனுக்கோ நேர்மாறான கஷ்டம். என்ன வேண்டுமானாலும் செய் என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

இந்த இரண்டும் ஆதியில் ஒரே வீட்டில் இருந்தவை என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். சென்னைக் கலைப் பள்ளியை 1850-இல் ஆரம்பித்தவர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்கிற ரண வைத்தியர். சித்திரத்தோடு மண்பாண்டமும் ஓடும் செங்கலும் அங்கே ஆரம்ப நாளிலிருந்தே உண்டு. ஆல்பிரட் சாட்டர்டன் அங்கேதான் 1898 வாக்கில் அலுமினியப் பாத்திரம் அடிக்கிற சோதனையைத் தொடங்கினார்; நம் அடுக்களைக்கு அலுமினியம் வந்த வழி அந்தக் கலைப் பள்ளி வழி. வெள்ளைக்காரன் இதையெல்லாம் செய்தது கலை மேல் உள்ள பக்தியால் என்று நான் சொல்ல மாட்டேன். வியாபாரமும் பொருட்காட்சியும் அவனுக்கு முக்கியம். இருந்தாலும் கையும் பொருளும் வகுப்புக்குள் இருந்தன.

தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் முதல் இந்தியத் தலைவராக வந்தார். மெரினாவில் பாறையை நெம்பிக்கொண்டிருக்கும் உழைப்பாளர் சிலை அவருடையது. அவருக்குப் பின் 1957-இல் பொறுப்பேற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். தமிழ்நாட்டில் சமகாலக் கலையைக் கற்பிப்பது என்றால் என்ன என்று நிஜமாகவே கேட்டவர் அவர்தான் என்பது என் அபிப்பிராயம். பாரிஸைப் பார்த்து எழுதுகிற காப்பியும் வேண்டாம், அஜந்தாவைப் பார்த்து எழுதுகிற காப்பியும் வேண்டாம். அப்படியானால் என்ன என்று கேட்டார். தானே பதில் தேடிக்கொண்டும் இருந்தார். 1963-ஐ ஒட்டி அவர் வரையத் தொடங்கிய எழுத்தும் குறியுமான சித்திரங்களைப் பார்த்தால் ஜாதகக் கட்டமும் ஓலைச்சுவடியும் கணக்கு நோட்டும் கனவில் கலந்துவிட்ட மாதிரி இருக்கும். வாத்தியார் தேடிக்கொண்டிருப்பதை மாணாக்கர்கள் கூடவே இருந்து பார்த்தார்கள். இது எந்தப் பாடத்திட்டத்திலும் எழுத முடியாத பாடம்.

அவர் கேட்ட இரண்டாவது கேள்வி இன்னும் பெரியது. படித்து முடித்த பிறகு இவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்? அன்றைக்குச் சென்னையில் சித்திரம் வாங்க ஆள் கிடையாது. சினிமாவுக்குப் பானர் எழுதப் போகலாம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகப் போகலாம். பணிக்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஒரு கைத்தொழில் சங்கம் ஏற்படுத்தி, மெழுகிட்டுச் சாயம் தோய்க்கிற பாத்திக் துணி செய்து விற்றார்கள். அந்தக் காசில் இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் உண்டாயிற்று. அரசாங்கத்தையோ ஜமீன்தாரையோ நம்பாமல் கலைஞர்கள் தாங்களே கட்டிக்கொண்ட குடியிருப்பு. இன்றைக்கும் இருக்கிறது.

இதைப் புகழ்ந்து நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நானும் புகழ்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் பாத்திக், மத்தியானம் சித்திரம் என்று பிரித்ததில், பாத்திக் வயிற்றுக்கு என்றும் சித்திரம் ஆத்மாவுக்கு என்றும் ஒரு கோடு விழுந்துவிட்டது. கையால் செய்கிற வேலை சோறு போடுகிற வேலைக்காரி; சித்திரம் வீட்டு எஜமானி. அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் சிலர்தான். பி.வி. ஜானகிராம் தாண்டினார். செம்புத் தகட்டை அடித்து, கம்பியைப் பற்ற வைத்து, நம் கோயில் கவசத்து வேலையிலிருந்தே ஒரு புதிய சிற்பத்தைக் கண்டார். அவருக்குக் கைத்தொழில் வேறு, கலை வேறு என்று இருந்ததாகத் தெரியவில்லை. ஆதிமூலமும் வேறொரு திசையில் தாண்டினார். பத்திரிகைக்கும் புத்தக அட்டைக்கும் அவர் போட்ட கோடுகளை, பிழைப்புக்குப் போட்டவை என்று யாரால் ஒதுக்க முடியும்? கி. ராஜநாராயணனின் கரிசல் கட்டுரைகளை வாராவாரம் படித்தவர்களில் பாதிப் பேர் முதலில் படத்தைத்தான் பார்த்தார்கள். மற்றப்படி கோடு அப்படியே நின்றது. கல்லூரிப் படிப்பு பட்டப்படிப்பான பிறகு இன்னும் தடித்தது.

பரோடா சர்வகலாசாலையில் 1950-இல் நுண்கலைக்குத் தனிப் பிரிவு தொடங்கியபோது வேறு விதமான காற்று வீசியது. கே.ஜி. சுப்பிரமணியன் அங்கே வாத்தியார். சென்னை பிரசிடென்ஸி காலேஜில் பொருளாதாரம் படித்து, 1942 இயக்கத்தில் ஜெயிலுக்குப் போய், அரசாங்கக் கல்லூரிக் கதவு மூடிவிட்டதால் சாந்திநிகேதனம் போனவர். 1960-களில் பரோடாவில் வாத்தியார்களும் பிள்ளைகளும் சேர்ந்து பொம்மை செய்து, சந்தை போட்டு ஊராருக்கு விற்றார்கள். கட்டை, தோல், மணி, கயிறு, கையில் அகப்பட்டதெல்லாம் பொம்மையாயிற்று. பொம்மை செய்கிறவர்தான் லட்சுமணபுரி ரவீந்திராலயாவின் சுவரில் சுடுமண் ஓடுகளால் 1963-இல் அவ்வளவு பெரிய சித்திரமும் செய்தார். இரண்டிலும் ஒரே கைதான் தெரிகிறது. ஊராருக்குப் பிடிக்கிறதா, நாலணா கொடுத்து வாங்குவார்களா, குழந்தை கையில் உடையாமல் இருக்குமா என்கிற சோதனைகளை அவர் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை.

ஜெர்மனியில் இதை இன்னும் முறையாகவே செய்து பார்த்தார்கள். 1919-இல் வைமாரில் ஏற்பட்ட பௌஹவுஸ் கலாசாலையில் பட்டறைக்கு இரண்டு குருமார்கள். ஒருவர் உருவத்துக்கு, ஒருவர் தொழிலுக்கு. மண்பாண்டப் பட்டறையை 1920-இல் டோர்ன்பர்க் என்கிற சின்ன ஊரில் வைத்தார்கள். உருவத்துக்குக் கெர்ஹார்ட் மார்க்ஸ் என்கிற சிற்பி. தொழிலுக்கு மாக்ஸ் கிரேஹான் என்கிற அவ்வூர்க் குயவர். கல்லூரியிலிருந்து குயவரைக் கூப்பிட்டுப் பிரசங்கம் செய்யச் சொல்லவில்லை, பாருங்கள். பிள்ளைகளைக் குயவர் ஊருக்கு அனுப்பினார்கள். அதன் பலன் என்ன? தியோடர் போக்லர் 1923-இல் ஒரு டீப்பாத்திரம் செய்தார். அச்சில் ஊற்றிய அதே துண்டுகள். மூக்கையும் பிடியையும் வெவ்வேறு இடத்தில் ஒட்டினால் வெவ்வேறு பாத்திரம். அச்சு என்கிற கட்டுப்பாட்டையே யோசனைக்கு ஏணியாக்கிக்கொண்டார். நம் பெரியவர் குழலைத் தனியாக ஊற்றி ஒட்டலாம் என்றாரே, அந்த இடத்திலிருந்து நாலு எட்டு நடந்தால் போக்லர் நிற்கிறார். 1925-இல் பௌஹவுஸ் டெஸ்ஸாவுக்கு மாறியபோது மண்பாண்டப் பட்டறையைக் கூட அழைத்துப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல காரியங்களுக்கு அற்ப ஆயுசு அங்கேயும் உண்டு.

சமகாலக் கலை வகுப்புகளில் தவறாமல் காட்டுகிற படம் ஒன்று இருக்கிறது. மார்செல் டூஷாம் 1917-இல் நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பிய மூத்திரப் பீங்கான். கடையில் வாங்கி, சாய்த்து வைத்து, ஆர். மட் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கண்காட்சிக்காரர்கள் வைக்க மறுத்தார்கள். எதைக் கலை என்று கலைஞன் தேர்ந்தெடுக்கிறானோ அது கலை என்று இதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். இருக்கலாம். இதைப் படமாக மட்டும் பார்க்கிற மாணாக்கன், கலைக்குக் கை தேவையில்லை என்கிற முடிவுக்கு வந்துவிடுகிறான். விருத்தாசலத்து வாலிபன் ஒருவனிடம் அதே படத்தைக் காட்டினால் அவன் முதலில் கேட்கப்போகிற கேள்வி வேறு: அச்சு எத்தனை துண்டு? அந்த வளைவில் கிளேஸ் வழியாமல் எப்படிச் சுட்டான்? ஒரு பெயர் தெரியாத தொழிலாளி செய்த வளைவு அழகாக இருந்ததால்தானே டூஷாம் அதைச் சாய்த்து வைத்ததும் பார்க்கத் தக்கதாயிற்று? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனுக்கும் டூஷாமின் கிண்டல் புரியும். கூடுதலாக இன்னொன்றும் புரியும்.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் கோலர் என்கிற கம்பெனி கழிப்பறைப் பீங்கான் செய்கிறது. 1974 முதல் அந்தத் தொழிற்சாலைக்குள்ளேயே சில மாதங்கள் கலைஞர்களை உட்கார வைத்து, அதே களி, அதே அச்சு, அதே சூளையில் தங்கள் இஷ்டப்படி செய்யவிட ஓர் ஏற்பாடு நடந்து வருகிறது. தொழிலாளர்களின் பக்கத்தில் நின்றே அவர்கள் வேலை செய்கிறார்கள். அங்கே பணம் இருக்கிறது, செய்கிறார்கள் என்று தள்ளிவிட வேண்டாம். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபரா ஸ்மித்தும் 1971-இல் பொன்பாலம் மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கியபோது பெரிய பணம் ஒன்றும் இல்லை. டெபரா ஸ்மித் ஜப்பானில் பிஸென் ஊரில் தொழில் கற்றவர். மீக்கர் மண் வீட்டைக் கட்டி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்த விசித்திர மனிதர். இன்றைக்கு இந்தியாவில் பீங்கான் கலைஞர் என்று பேசப்படுகிறவர்களில் கணிசமான பேர் அந்தக் கூடத்தில் கை நனைத்தவர்கள். பட்டம் கிடையாது. விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் போனால் அரைப் பொழுது ஆகாது.

எனக்கு இதில் அக்கறை வருவதற்குக் காரணம் கலை மட்டும் இல்லை. புதிதாகக் கட்டுகிற வீடுகளில் பியூஸ் கட்டை இல்லை. தானாக விழுகிற பிளாஸ்டிக் ஸ்விட்ச் வந்துவிட்டது. அகலும் பொம்மையும் வருஷத்தில் சில மாத வேலை. அச்சு இருக்கிறது, சூளை இருக்கிறது, கை இருக்கிறது. அச்சில் ஊற்றுவதற்குப் புது உருவம் இல்லை. உருவம் யோசிக்கப் படித்தவர்கள் பட்டணத்தில் வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். படிப்பை முடித்து, பிறகு நாலைந்து வருஷம் எங்கேயாவது கம்ப்யூட்டரில் விளம்பரப் படம் வரைந்துவிட்டு, தூரிகையைப் பரணில் போட்டுவிடுகிற பிள்ளைகளை எல்லோரும் அறிவோம்.

பரீட்சையை மாற்றலாம் என்று நினைக்கிறேன். நுண்கலை மாணாக்கன் ஒரு பருவம் முழுவதும் விருத்தாசலத்துப் பட்டறையில் இருக்கட்டும். டிப்ளமாப் பையன் ஒரு பருவம் சிற்ப வகுப்பில் உட்கார்ந்து, களிமண்ணில் மனிதக் கையைப் பார்த்துப் பார்த்துச் செய்யட்டும். முடிவில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு பொருளை நூறு எண்ணிக்கை ஊற்றிச் சுட வேண்டும். குறிப்பு எழுத வேண்டாம். உடைந்ததையும் கோணலானதையும் எறியாமல் மேஜையில் பரப்பி, எது ஏன் உடைந்தது என்று வாயால் சொல்ல வேண்டும். பரீட்சை அதிகாரிகளில் ஒருவர் அச்சு எடுக்கிற பெரியவராக இருக்கலாம்; அவருக்கு இங்கிலீஷ் வராது என்பது இதில் ஒரு குறையாகாது. சொந்தமாக யோசித்தானா என்பது நூறாவது பொருளைப் பார்த்தால் தெரிந்துவிடும். முதலாவது போலவே அது இருக்குமானால் அவன் நடுவில் எதையும் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

யார் செலவழிப்பது, எந்த இலாகா உத்தரவு போடுவது, பஞ்சப்படி யார் தருவது என்று கேள்விகள் வரும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சென்னைக் கலைக் கல்லூரி வாசலிலிருந்து எழும்பூர் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே திருச்சிப் பக்கம் போகிற பகல் வண்டியில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் விருத்தாசலம் ஜங்ஷன் வந்துவிடும்.